கடலிலிருந்து எண்ணினால்

நவம்பர் 24

இத்தனை மாதமும் இந்த டைரி சாப்பாட்டு மேசையின் ஒரு காலுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு கிடந்தது. இன்று உருவித் தூசி தட்டினேன். எழுதியே ஆக வேண்டிய சேதி ஒன்று வந்திருக்கிறது. மேசை ஆடுகிறது, ஆடட்டும்.

நகராட்சி ஆணையர் சம்மதித்துவிட்டார்! எங்கள் தோணித்துறைக்கு ஒரு நடைவழி வரப்போகிறது. பேருந்து நிலையத்து மணிக்கூண்டில் ஆரம்பித்து, ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம் வரை ஒன்பது இடங்கள், ஒன்பது இரும்புப் பலகைகள். மணிக்கூண்டு, இப்போது நகராட்சி அலுவலகமாக இருக்கும் பழைய சுங்கச்சாவடி, உப்புக் கிடங்கு, பரங்கியர் கல்லறைத் தோட்டம், கலங்கரை விளக்கம், மீன் ஏலக்கூடம். இதுவரைக்கும் எழுதுவது நான். அதற்கப்புறம் அலையாத்திக் காடு, பூநாரைகள் இறங்கும் சேற்றுத் திட்டு, ஆமைகள் கரையேறும் முகத்துவாரம். இந்த மூன்றும் அமீர் பாய் பங்கு. பாய்க்கு மருந்துக்கடை தொழில், பறவைகள் பைத்தியம். காய்ச்சல் மாத்திரை கேட்டுப் போனாலும் கொக்கைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருக்கும்.

ஜனவரி நான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை திறப்பு. அன்றைக்கு ஊர்க்காரர்களை அழைத்துக்கொண்டு முழு வழியும் நடந்து, நின்று நின்று பேசப்போவது திருமதி பிலோமினா சேவியர். அதாவது நான்!

மாலையில் ஜெரால்ட் பெங்களூரிலிருந்து பேசினான். மருமகள் ஷைனியின் பிரசவ விடுப்பு முடியப்போகிறது. ஜனவரி ஐந்தாம் தேதி கார் எடுத்துக்கொண்டு வந்து என்னைக் கூட்டிப்போகிறானாம். இனிமேல் அங்கேயேதான். "தனியா அந்த வீட்டுல நீ என்னம்மா பண்ணப்போறே?" என்றான். சரிப்பா என்றேன். பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது. ஐந்தாம் தேதிதானே, நான்காம் தேதி நடை. நல்லவேளை.

நவம்பர் 28

ஒரு பலகைக்கு நாற்பது வார்த்தைக்கு மேல் கூடாது என்று ஆணையர் மதிவதனி சொல்லிவிட்டார். "அதுக்கு மேல யாரும் நின்னு படிக்க மாட்டாங்க மேடம்." சின்னப் பெண், என் மகன் வயதுதான் இருக்கும். அவர் என்னை மேடம் என்கிறார், நான் அவரை மேடம் என்கிறேன். நாற்பது வார்த்தையில் நான் யாரிடமும் நலம்கூட விசாரித்ததில்லை.

நாள் முழுக்க எழுதி அடித்து எழுதினேன். மணிக்கூண்டுக்கு: "தோணித்துறை இங்கேதான் தொடங்குகிறது. நேரம் தெரிய வேண்டுமா? அண்ணாந்து பாருங்கள்." சுங்கச்சாவடிக்கு: "கடல் தாண்டி வந்த எவரும் இங்கே நின்று, எங்கிருந்து வருகிறோம், என்ன கொண்டுவந்தோம் என்று சொல்லிவிட்டுத்தான் ஊருக்குள் நுழைய முடியும்." நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கே இரண்டு முறை படிக்கத் தோன்றியது.

பாயோடு சண்டை. பூநாரைப் பலகைக்கு அவர் எழுதியது: "கூட்டமாக இருக்கும். பெரும்பாலும் ஒற்றைக் காலில் நின்றபடியே தூங்கும். பொறுமையாகக் காத்திருப்பவர்களுக்கே தரிசனம் தரும்." இது பறவையா, கோயில் தேரா என்று கேட்டேன். "உங்க கல்லறைத் தோட்டத்துக்கு எழுதுனதை விட இதுல உசுரு இருக்கும்மா" என்றார். பேச்சை நிறுத்திவிட்டு வந்துவிட்டேன். நாளைக்குப் பேசுவேன்.

டிசம்பர் 3

மழை. பாயோடு பேசினேன்.

டிசம்பர் 9

ஒரு விஷயம் யாரிடமும் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். எனக்குக் கூட்டத்தின் முன்னால் பேசிப் பழக்கமில்லை. இருபத்தெட்டு வருஷம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தேன். இந்த ஊரில் யார் குரல் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் அங்கே நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை, யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஐம்பது அறுபது முகம் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவர் இருந்தவரை கோயிலில் வாசகம் வாசிக்கக் கூப்பிட்டாலும் அவரைத்தான் தள்ளிவிடுவேன். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது, தள்ளிவிட ஆள் இல்லை.

அதனால் சமையலறையில் ஒத்திகை. குக்கருக்கும் மாவுச் சட்டிக்கும் சுங்கச்சாவடியைப் பற்றிச் சொன்னேன். குக்கர் நடுவிலேயே விசில் அடித்தது.

டிசம்பர் 16

ஜெரால்ட் வீட்டுப் பொருள்களைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னான். எது வேண்டும், எது வேண்டாம் என்று அவனும் ஷைனியும் பார்த்துச் சொல்வார்களாம். அனுப்பினேன். என் துணி அலமாரியை மறந்துவிட்டேன். நாளைக்கு அனுப்ப வேண்டும்.

விடியற்காலை பாயோடு சேற்றுத் திட்டுக்குப் போனேன். பூநாரைகள் வந்துவிட்டன! தண்ணீர் ஓரமாக வெளிர்ரோஜா நிறத்தில் ஒரே நீளமான கோடு. பாய் தொலைநோக்கியைக் கொடுத்தார். ஒன்று தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு அளைந்துகொண்டிருந்தது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், ஐம்பத்தாறு வயதில் முதல்முறையாகப் பூநாரை சாப்பிடுவதைப் பார்க்கிறேன். சந்தோஷம் தாங்கவில்லை, பாயின் தோளில் ஓங்கி அடித்துவிட்டேன். பாவம், மனிதர் சேற்றில் ஒரு காலை விட்டுவிட்டார்.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். ஜெரால்டால் வர முடியவில்லை. வீடியோவில் பேரன் ஏதன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அழகுப் பிள்ளை. கேக்கைப் பாய் வீட்டுக்கும் ஆணையருக்கும் கொடுத்தேன். ஆணையர், "ஒன்பது குழியும் தோண்டியாச்சு மேடம், பலகை நாளைக்கு வந்துடும்" என்றார். எனக்கு அதுதான் கிறிஸ்துமஸ் பரிசு.

டிசம்பர் 29

பலகைகள் வந்துவிட்டன, ஆள்தான் இல்லை. நடுவதற்கு வர வேண்டிய ஒப்பந்தக்காரரின் ஆட்கள் புத்தாண்டுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். கடலில் புயல் சின்னம், துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். எனக்கு மூளை நன்றாக வேலை செய்தது. படகு போகாவிட்டால் மீனவர் குப்பத்தில் ஆட்கள் சும்மாதானே இருப்பார்கள்? நேராக அஞ்சப்பனிடம் போனேன். படகை இழுத்துக் கரையேற்றும் குழுவுக்கு அவன்தான் தலைவன். துபாயில் இருந்த அண்ணனோடு பேச அந்தக் காலத்தில் வாரா வாரம் எங்கள் தொலைபேசி நிலையத்துக்கு வருவான். அன்றிலிருந்து நான் அவனுக்குப் போனக்கா.

"நீங்க சொல்லி நாங்க மாட்டோம்னு சொல்லுவமா போனக்கா? காலையில நிப்போம்" என்றான்.

டிசம்பர் 30

காலையில் அஞ்சப்பன் ஆட்களோடு வண்டியில் பலகைகளை ஏற்றினான். ஒவ்வொரு பலகையின் முதுகிலும் எண் எழுதியிருக்கிறது. "ஒண்ணாங் குழியிலேர்ந்து வரிசையா நட்டுக்கிட்டே போங்க. நான் பின்னாலயே வந்து பாக்குறேன்" என்றேன். வீட்டைப் பூட்டும்போது வாசலில் இரண்டு பேர் நிற்கிறார்கள். சாமான் ஏற்றிப்போகும் நிறுவனத்து ஆட்களாம், அளவெடுக்க ஜெரால்ட் அனுப்பியிருக்கிறான். ஒவ்வொரு பாத்திரமாகத் தூக்கிப் பார்த்து, என்னிடம் கேள்வி கேட்டுக் கேட்டு, சாயங்காலம் ஆக்கிவிட்டார்கள். அதற்குள் இருட்டியும் மழை பிடித்தும் விட்டது. அஞ்சப்பன் போனில் சொன்னான், "எல்லாம் ஆச்சுக்கா. கான்கிரீட்டு நல்லா போட்டிருக்கோம். சுனாமி வந்தாலும் அசையாது."

கெட்டிக்காரன்.

டிசம்பர் 31

அசையாது. அதுதான் பிரச்சினை.

காலையில் குடையோடு மணிக்கூண்டுக்கு ஓடினேன். அங்கே பேருந்துகள் ஹாரன் அடிக்கும் இடத்தில் என்ன பலகை நிற்கிறது? "பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் இடம். சத்தம் போடாதீர்கள். விளக்கு அடிக்காதீர்கள்." ஒரு நடத்துனர் அதை உரக்கப் படித்துவிட்டு, "யோவ் டிரைவரு, ஹாரன் அடிக்காதய்யா, ஆமை முட்டை போடுதாம்" என்கிறார்.

நகராட்சி அலுவலக வாசலில், ஒற்றைக் காலில் நின்று தூங்கும் பூநாரை. உப்புக் கிடங்கில் அலையாத்தி மரம். கல்லறைத் தோட்டத்தில் மீன் ஏலம். கலங்கரை விளக்கம் மட்டும் நடுவில் இருப்பதால் தப்பித்தது. ஏலக்கூடத்தின் முன்னால், "தூர தேசத்திலிருந்து வந்தவர்கள் இங்கே உறங்குகிறார்கள், அமைதி காக்கவும்" என்று நான் எழுதிய கல்லறை வாசகம். அதைச் சுற்றி மீன்காரப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அலையாத்திக் காட்டில் உப்புக் கிடங்கு, சேற்றுத் திட்டில் சுங்கச்சாவடி. கடைசியில், சுற்றிலும் தண்ணீரும் மணலுமாக இருக்கும் முகத்துவாரத்தில் மணிக்கூண்டுப் பலகை.

அங்கேயே அஞ்சப்பன் நின்றான், பாராட்டுக்காக.

"என்னடா இது அஞ்சப்பா? ஆமையைக் கொண்டுபோயி பஸ் ஸ்டாண்டுல நட்டு வச்சிருக்கே?"

"நீங்கதானக்கா சொன்னீங்க, ஒண்ணாங் குழியிலேர்ந்து வரிசையா நடுன்னு?"

"ஒண்ணாங் குழி மணிக்கூண்டுடா!"

"அது எப்படிக்கா ஒண்ணு ஆவும்? அது ஒம்போது. இதுதான் ஒண்ணு." காலடி மணலைக் காட்டினான். "கடலேர்ந்துதானே எண்ணுவாங்க? பஸ் ஸ்டாண்டுலேர்ந்து எவன் எண்ணுவான்?"

உண்மைதான். குப்பத்தில் எதையும் கடலிலிருந்துதான் எண்ணுவார்கள். கடலைப் பார்த்த தெருதான் முதல் தெரு, கடலுக்குப் பக்கத்து வீடுதான் முதல் வீடு, திருவிழாவில் முதல் மரியாதையும் அங்கிருந்துதான். டவுன்காரர்கள் நாங்கள் பேருந்து நிலையத்திலிருந்து எண்ணுவோம். அந்தக் காலத்தில் மூன்றாம் தெரு என்ற முகவரியோடு தந்தி கொண்டுபோகும் ஆள் எத்தனை முறை ஊரின் மறுகோடிக்கு அலைந்திருக்கிறார். எல்லாம் தெரிந்தும் சொல்லாமல் விட்டேன்.

"படத்தைப் பாத்தாவது தெரிய வேணாமா? பூநாரை ஆபீசு வாசல்லயா நிக்கும்?"

"கவர்மெண்டு ஏதோ அழகுக்கு வைக்கிதுன்னு நெனச்சோம்க்கா" என்றான். அவன் முகம் சுருங்கிவிட்டது. உடைத்துவிட்டுத் திரும்ப நடுகிறேன் என்று கடப்பாறையை எடுத்தான். ஒன்றை அடித்துப் பார்த்தான், கடப்பாறைதான் வளைந்தது.

ஜனவரி 1

ஆணையர் என்னைக் கூப்பிட்டார். அவர் அலுவலகத்துக்குள் போகப் பூநாரையைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"தள்ளிப்போட்டுடலாம் மேடம். மெஷின் வச்சு உடைச்சு, திரும்ப நட்டு, பொங்கல் கழிச்சு வச்சுக்கலாம்."

"அப்ப நான் இருக்க மாட்டேன் மேடம்" என்றேன். சொல்லிவிட்டு அவர் மேசைக் காகிதங்களை நான் அடுக்க ஆரம்பித்தேன். ஏன் என்று தெரியவில்லை, பேரனைப் பார்க்கத்தானே போகிறேன்.

"வேற யாராவது பேசட்டும்."

"யாரு? பாயா? பூநாரையில ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் அங்கேயே நிப்பாரு."

"பத்திரிகைக்காரங்க வர்றாங்க. சிரிப்பாங்க மேடம்."

"சிரிக்கட்டும். சிரிக்கிறவங்க எங்கேயும் போக மாட்டாங்க, நின்னு கேப்பாங்க. பலகை எங்க நிக்குதோ அங்கேயே நிக்கட்டும். நான் பேசிக்கிறேன்."

எங்கிருந்து வந்தது இந்தத் தைரியம்? எனக்கே தெரியாது. ஆணையர் பேனாவை மூடி வைத்தார். "கேலியா முடிஞ்சா இந்தத் திட்டத்தையே மூடிடுவாங்க. அப்புறம் நடையும் கிடையாது, பாதையும் கிடையாது. புரியுதுல்ல?" என்றார். புரியுது என்றேன். வெளியே வந்ததும் பூநாரைப் பலகையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜனவரி 2

காலையிலிருந்து மதியம் வரை நடந்தேன், மதியத்திலிருந்து பொழுது சாயும் வரை நடந்தேன். ஒவ்வொரு பலகைக்கு முன்னாலும் நின்று, உனக்கும் இந்த இடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சண்டை பிடித்தேன். மூன்று இடத்தில் பதில் கிடைத்தது. மற்றதற்கு நாளை.

ஜனவரி 3

ஜெரால்ட் வந்துவிட்டான், இரண்டு நாள் முன்னதாகவே. இளைத்திருக்கிறான். வறுத்த மீன் போட்டேன், நன்றாகச் சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டு, "பஸ் ஸ்டாண்டுல ஊரே சிரிக்குதும்மா. உனக்கெதுக்கு இந்த வம்பு? கேன்சல் பண்ணிடு. நாளைக்கே கிளம்பிடலாம்" என்றான்.

"நாளைக்கு நடை இருக்குப்பா" என்றேன்.

ஒன்பது இடத்தில் ஐந்துக்குத்தான் வழி தெரிகிறது.

ஜனவரி 4

நடந்துவிட்டது! நடந்துவிட்டது!! எங்கிருந்து ஆரம்பிப்பது?

கடலிலிருந்து. அதைத்தான் காலையில் முதலில் முடிவு செய்தேன். எல்லோரையும் முகத்துவாரத்துக்கு வரச் சொல்லிவிட்டேன். பலகைகள்தான் அங்கே ஒன்று என்று ஆரம்பிக்கின்றனவே. வானம் வெளுத்துவிட்டது, புயல் கூண்டை இறக்கிவிட்டார்கள். எழுபது பேருக்கு மேல் இருக்கும். ஆணையர், பத்திரிகைக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், அஞ்சப்பனின் மொத்தக் குப்பமும். கூட்டத்தின் கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு ஜெரால்ட்.

வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. எழுபது முகம். யாரோ பின்னால் சிரித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது குரல்கள் கேட்டன, மீன்காரி செல்வி இருமுகிறாள், தபால்காரர் தாஸ் தொண்டையைக் கனைக்கிறார், பாய் "ஆரம்பிங்கம்மா" என்கிறார். எல்லாம் எனக்குத் தெரிந்த குரல்கள். கண்ணை மூடியபடியே, "வணக்கம், தோணித்துறை" என்றேன். அந்தக் காலத்தில் வெளியூர் அழைப்பு வந்தால் இப்படித்தான் சொல்வேன். கூட்டத்தில் வயசானவர்கள் எல்லாம் ஹோவென்று சத்தம் போட்டார்கள். கண்ணைத் திறந்தேன். அதற்கப்புறம் என் வாயை யாராலும் மூட முடியவில்லை.

"இந்தப் பலகை என்ன சொல்லுது? தோணித்துறை இங்கேதான் தொடங்குகிறது. எழுதுன எனக்கு அப்ப புத்தி இல்லை, நட்டவருக்கு இருந்திருக்கு. பஸ் ஸ்டாண்டு நம்ம ஊருக்கு நேத்து வந்தது. மொத மனுஷன் இங்கேதான் தோணியை இழுத்துப் போட்டான். நேரம் தெரியணுமா, அண்ணாந்து பாருங்கன்னு போட்டிருக்கு. பாருங்க!" எழுபது பேரும் அண்ணாந்து சூரியனைப் பார்த்தார்கள். "அஞ்சப்பா, மணி என்ன?" என்றேன். "ஏழேகால் இருக்கும்க்கா" என்றான். பத்திரிகைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். குப்பத்துக்காரர்கள் விசிலடித்தார்கள்.

சேற்றுத் திட்டில் சுங்கச்சாவடிப் பலகை. பூநாரைகள் தூரத்தில் நின்றன. "கடல் தாண்டி வந்தவங்க இங்கே நின்னு, எங்கேர்ந்து வர்றோம்னு சொல்லணும்னு இதுல இருக்கு. கேப்போமா? பாய், நீங்கதான் அவங்க பக்கத்து ஆளு, பதில் சொல்லுங்க" என்றேன். பாய் பூநாரையாகி, எங்கிருந்தெல்லாம் வந்தோம், என்ன தின்றோம் என்று சொன்னார். பிள்ளைகள் அதிகாரி மாதிரிக் கேள்வி கேட்டுப் பிய்த்தெடுத்துவிட்டார்கள். அவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அலையாத்திக் காட்டில் உப்புக் கிடங்குப் பலகை. இலையைப் பறித்து நக்கிப் பார்க்கச் சொன்னேன். உப்புக் கரித்தது. "இதுதான் கிடங்கு. புயலுக்கு அசையாத சுவர்னு போட்டிருக்கு, சுவரும் இதுதான்" என்றேன். ஏலக்கூடத்தில் கல்லறை வாசகத்தை நான் படிக்கவில்லை, மீன்காரி செல்வியைப் படிக்கச் சொன்னேன். "தூர தேசத்திலிருந்து வந்தவர்கள் இங்கே உறங்குகிறார்கள்" என்று படித்துவிட்டு, ஐஸ் பெட்டியைத் திறந்து வஞ்சிரத்தைக் காட்டினாள். ஆணையர் சிரித்த சிரிப்பில் கைக்குட்டை தேவைப்பட்டது.

சரியாக நட்டிருந்த கலங்கரை விளக்கத்தில்தான் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. நான் எழுதியதை அப்படியே படித்தேன், இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் ஏலப் பலகை. "இங்கே எழும் சத்தம் ஊரையே எழுப்பும்." ஒரு வார்த்தையும் சேர்க்காமல் கல்லறைகளைப் பார்த்துக் கையைக் காட்டினேன். யாரோ ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். உப்புக் கிடங்கின் வெடித்த சுவரில் அரசமரத்து வேர் வெளியே தொங்குகிறது. அங்கே அலையாத்தியின் மூச்சுவிடும் வேர்களைப் பற்றிய பலகை நிற்கிறது, நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. நகராட்சி அலுவலக வாசலில், "பெரும்பாலும் ஒற்றைக் காலில் நின்றபடியே தூங்கும். பொறுமையாகக் காத்திருப்பவர்களுக்கே தரிசனம் தரும்" என்பதைப் படித்து முடிப்பதற்குள் தெருவே அதிர்ந்தது. ஆணையர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

கடைசியாக மணிக்கூண்டு, ஆமைப் பலகை. இந்த இடத்துக்கு மட்டும் அந்த நிமிஷம் வரை என்னிடம் பதில் இல்லை. நிற்கிறேன், பின்னால் ஒரு பெங்களூர்ப் பேருந்து புறப்பட உறுமிக்கொண்டிருக்கிறது. ஒரு அம்மா சன்னலுக்குள் கையை விட்டு மகனுக்குத் தின்பண்டப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது வந்தது.

"நம்ம ஊர்ல பொரிஞ்ச குஞ்சு எல்லாம் இந்த எடத்துலேர்ந்துதான் பெருந்தண்ணிக்குப் போகுது. என் மகனும் இங்கேர்ந்துதான் போனான். போற குஞ்சை யாரும் புடிச்சு நிறுத்தக் கூடாது, அது நீந்திக்கும். ஆனா கரைன்னு ஒண்ணு எங்கேயும் போகாம அங்கேயே இருக்கணும். பொட்டை ஆமை வளந்து முட்டை போட வர்றப்ப, தான் பொரிஞ்ச கரையைத் தேடித்தான் வருதாம். கரை இல்லாட்டி அது எங்கே வரும்?"

இதை நான் யோசித்துப் பேசவில்லை. பேசி முடித்த பிறகுதான் ஜெரால்டைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, பேருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

ஆணையர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றாம் பலகை முகத்துவாரத்திலேயே இருக்கட்டும், மணிக்கூண்டுக்குப் புதிதாக ஒன்று எழுதிக்கொள்ளலாம், மற்றதை இடம் மாற்றலாம், இனி நடை எப்போதும் கடலிலிருந்துதான் என்றார். "பறவை இருக்கிற வரைக்கும் வாரா வாரம் ஞாயித்துக்கிழமை நடத்தணும் மேடம். நீங்க இல்லாம முடியாது."

நான் நாளைக்குப் பெங்களூர் போகிறேன் என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

ஜனவரி 5

ஜெரால்ட் விடியும்போதே காரில் பெட்டிகளை ஏற்றினான். மிக்சி, தையல் மெஷின், அவன் அப்பாவின் படம். "உன் பெட்டி எங்கம்மா?" என்றான்.

நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். "நான் வரலைப்பா."

"விளையாடாதம்மா. ஷைனி அடுத்த வாரம் வேலைக்குப் போகணும்."

"தெரியும். ஏப்ரல்ல பறவை எல்லாம் போயிடும், அப்ப வர்றேன். அக்டோபர் வரைக்கும் பிள்ளைக்கு நான் பொறுப்பு. அப்புறம் இங்கே வந்துடுவேன். வருஷா வருஷம் அப்படித்தான்."

"அதுவரைக்கும் யாரு பாக்குறது? ஊரைச் சுத்திக் காட்டுறது உனக்குப் பேரனை விடப் பெருசாப் போச்சா?"

வலித்தது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப வலித்தது. இல்லை என்று சொல்லி எழுந்து பெட்டியைக் கட்டியிருக்கலாம், இத்தனை வருஷமும் அப்படித்தான் செய்திருக்கிறேன். "பெருசு இல்லை. ஆனா இதுவும் எனக்கு வேணும்" என்றேன். "நேத்து நீ பாத்தியே, அது நான்தான்டா. ஐம்பத்தாறு வயசுல நேத்துதான் நானே பாத்தேன். உடனே விட்டுட்டு வரச் சொன்னா எப்படி?"

அவன் காருக்குப் போனான். ஏற்றியதை எல்லாம் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தான். அப்பாவின் படத்தை இறக்கி முகத்துக்கு நேராகக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தான். சாப்பிட்டுப் போ என்றேன், வழியில் பார்த்துக்கொள்கிறேன் என்றான். கார் திரும்பும் வரை வாசலில் நின்றேன்.

ஜனவரி 6

ஜெரால்ட் பேசவில்லை.

ஜனவரி 7

இன்றும் பேசவில்லை. மீன் வாங்கினேன், குழம்பு வைக்கவில்லை. மூன்று பேர் வந்து ஞாயிற்றுக்கிழமை நடைக்குப் பேர் கொடுத்துப்போனார்கள்.

ஜனவரி 8

ஷைனி கூப்பிட்டாள். எடுத்ததும், "அத்தை, எனக்கு உங்க மேல கோபம்" என்றாள். அவள் இதுவரை என்னிடம் ஒரு சொல் கடுமையாகப் பேசியதில்லை.

"ரெண்டு நாளா நானும் அவரும் சண்டை. எங்கம்மாவை வரச் சொல்லிருக்கேன். முட்டி வலியோட வர்றாங்க, பாவம். நீங்க வந்திருந்தா இதெல்லாம் இல்லை."

"ஆமாம்மா. தப்பு என் பேர்லதான்."

"தப்புன்னு நான் சொல்லலையே. கோபம்னுதான் சொன்னேன்." பின்னால் ஏதன் சிணுங்குவது கேட்டது. "ஆறு மாசமா வீட்டுக்குள்ளயே இருக்கேன் அத்தை. திங்கக்கிழமை ஆபீசுக்குப் போறேன். நேத்து போட்டுக்கப் போற டிரெஸை எடுத்து அயர்ன் பண்ணி வச்சேன். எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? பிள்ளையை விட்டுட்டுப் போறதுக்கு இவ்ளோ சந்தோஷப்படலாமான்னு அழுகை வந்துடுச்சு. அப்பதான் உங்களை நெனச்சேன்."

எனக்குப் பேச வரவில்லை. இருபத்தெட்டு வருஷம் போனில் பேசியவளுக்கு.

"ஏப்ரல்ல வரலைன்னா நானே வந்து தூக்கிட்டுப் போவேன்" என்றாள்.

"வருவேன்."

"அவர் பக்கத்து ரூம்லதான் இருக்காரு. பேச மாட்டாராம். ஆனா நீங்க பேசுனதை போன்ல எடுத்து வச்சிருக்காரு, அந்த ஆமை பேச்சு. நேத்துலேர்ந்து மூணு தடவை போட்டுப் பாத்துட்டாரு. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

போனை வைத்ததும் நன்றாக அழுதேன். பிறகு அடுப்பைப் பற்றவைத்துக் குழம்பு வைத்தேன். பயங்கரமாகப் பசித்தது.